ஊக்குகளுக்கு நடுவே ஓர் அலன் கீ

என் மதினியின் தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் தொங்கும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கழுத்துதான் பெட்டிக்கடை. முந்தானை நழுவினாலும், பிள்ளையின் சட்டைப் பித்தான் தெறித்தாலும், செருப்பு வார் அறுந்தாலும் கை முதலில் அங்கேதான் போகும். ஆனால் மதினியின் ஊக்குகளுக்கு நடுவில், தீக்குச்சியைவிட மெல்லிசான, முனை மடங்கிய ஓர் இரும்புக் கம்பியும் நூலில் கட்டித் தொங்கியது. கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "இது என்னத்தா?" என்று கேட்டாள். மதினி கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "தையல் மிஷின் சாவி அத்தே" என்றார். எங்கள் வீட்டில் தையல் மிஷின் கிடையாது. பிறந்த வீட்டு மிஷினுடையதாக இருக்கும் என்று அம்மா விட்டுவிட்டாள். அப்படித்தான் அன்று நான் நினைத்தேன்.

அது தையல் மிஷின் சாவி இல்லை. எலெக்ட்ரிக் கிடாரின் கம்பிகளை ஏற்றி இறக்கும் அலன் கீ. கிடாரின் அடிப்பக்கம் ஒவ்வொரு கம்பியையும் தாங்க ஒரு சின்ன உலோகக் கட்டை இருக்கும். அதில் குண்டூசித் தலையளவு ஒரு திருகு. கால் சுற்று முறுக்கினால் கம்பி மயிரிழை மேலே வரும், கால் சுற்று தளர்த்தினால் கீழே இறங்கும். அதிகம் ஏறிவிட்டால் விரல் நுனி வலிக்கும். அதிகம் இறங்கிவிட்டால் கம்பி, கழுத்தில் பதித்திருக்கும் உலோகப் பட்டைகளில் இடித்துக் கரகரக்கும். இதெல்லாம் மதினி சொல்லித் தெரிந்ததுதான். எனக்குச் சங்கீதம் சுத்தமாகக் கிடையாது. கோயிலில் எல்லோரும் கைதட்டினால்கூட என் தட்டு மட்டும் தனியாகக் கேட்கும். ஆனால் ஒரு கிடாருக்குக் கம்பி மாற்றித் தரச் சொன்னால் இன்றைக்கும் மாற்றித் தருவேன். நாத்தனார் என்றாலே சண்டைக்காகப் பிறந்தவள் என்று நினைப்பவர்கள் இதை நம்ப வேண்டியதில்லை.

மதினி மலைக்கு மேலே, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தவரின் மகள். கோட்டயத்தில் படித்தவர். கல்லூரியில் பெண்கள் சில பேர் சேர்ந்து வைத்திருந்த இசைக்குழுவில் கிடார் வாசித்திருக்கிறார். அங்கே வாசிப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. சத்தத்தைக் கூட்டிக் குறைத்து வைக்கத் தனியாக ஓர் ஆள் இருந்திருக்கிறார். படிப்பு முடிந்து கொஞ்ச நாள் வேலை பார்த்ததில் சொந்தமாக ஒரு கிடாரும், ஆம்ப் என்கிற சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றும் வாங்கிவிட்டார். அடுத்த வைகாசியில் கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு மருமகளாகிவிட்டார். பீரோ, கட்டில், குத்துவிளக்கு, வெண்கல அண்டாவோடு சீர் வண்டியில் கிடாரும் வந்து இறங்கியது. போர்வையில் சுற்றியிருந்ததைப் பார்த்துத் தெருப் பெண்கள், "வீணையா? பரவாயில்லையே, கலைவாணிதான் வந்திருக்கா" என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதை மறுக்கவில்லை.

வந்த முதல் வாரத்தில் ஒரு பகல் நேரம். முன்னறையில் அப்பா திராட்சை வியாபாரிகளோடு விலை பேசிக்கொண்டிருந்தார். உள்ளறையில் மதினி ஆம்பைச் சொருகி ஒரே ஓர் இழுப்பு இழுத்தார். பாத்திரம் அடுக்கியிருந்த அலமாரி கிணுகிணுத்தது. வியாபாரிகளில் ஒருவர் புருவத்தைத் தூக்கினார், அவ்வளவுதான். அப்பா எழுந்து வந்தார். மருமகளின் அறை வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல், நிலைக்கதவைப் பார்த்துக்கொண்டு, "ஆத்தா, வீட்ல சத்தம் வேணாத்தா" என்றார். குரலில் கோபமே இல்லை. சாயங்காலம் தோட்டத்திலிருந்து வரும்போது முதல் வெட்டுத் திராட்சையில் நல்ல குலையாக ஒன்று கொண்டுவந்து, "மருமகளுக்குக் குடு" என்று அம்மாவிடம் தந்தார். அப்பா கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. ஒருநாள் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். பிரியமாகச் சொன்ன சொல்லோடு யார் சண்டை போடுவது? அந்தச் சொல்லை அவர் பிறகு ஒருநாளும் திரும்பச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.

அன்று மதினி அழுவார் என்று நினைத்து அறைக்குள் போனேன். அவர் ஆம்பின் வயரைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, கிடாரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "மாமா சத்தம் வேணாம்னுதான சொன்னாக. கிடார் வேணாம்னு சொல்லலையே மோளே" என்றார். மலையாள வாடையில் என்னை 'மகளே' என்று கூப்பிடுவது அப்படித்தான். எலெக்ட்ரிக் கிடாரின் விசேஷம் இதுதான். ஆம்பில் சொருகாவிட்டால் அதற்குக் குரல் கிடையாது. சீப்பின் பல்லில் நகத்தை இழுத்தது போல ஒரு சின்ன ஒலி மட்டும் வரும். அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. மதினி அந்த இடைவெளிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நாளில், கிடாரை ஒரு முனையிலும் ஹெட்போனை மறுமுனையிலும் சொருகிக்கொள்கிற, கைக்கடக்கமான டப்பா ஒன்றை என்னிடம் சொல்லி வாங்கினார். என் அலுவலக முகவரிக்கு, என் பெயரில்தான் வந்தது. கம்பி, டப்பா, வயர் எல்லாம் என் பெயரில் வந்ததில், உத்தமபாளையத்தில் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நான் வீணை கற்பதாக நினைத்துக்கொண்டார்கள். சரஸ்வதி பூஜைக்கு வாசிக்கச் சொல்லி ஒருமுறை வற்புறுத்தவும் செய்தார்கள். விரலில் சுற்றுப்புண் என்று சொல்லித் தப்பித்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, வீடே கண்ணயரும் நேரம்தான் மதினியின் நேரம். அதற்கும் ஆயிரம் இடைஞ்சல். எங்கள் வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை. ஹெட்போனுக்குள் எந்நேரமும் ஓர் 'ஊம்' ஒலி. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் அந்த ஊம் தடித்துவிடும், டியூப்லைட் போட்டால் இன்னும் கேவலம். கிடாரைப் பிடித்திருக்கும் திசையை மாற்றினால் அந்த ஒலி கூடும், குறையும் என்பதை மதினி கண்டுபிடித்தார். அறை முழுக்கச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்து பார்த்ததில், ஊம் அடங்குகிற இடம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது: கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையில், சுவருக்கு முகத்தைக் கொடுத்து, சுவரை முழங்கால் தொடும்படி உட்கார வேண்டும். ஜன்னலுக்கு முதுகு. இத்தனை வருடமும் அவர் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் வாசித்தார். தண்டனை கொடுத்து உட்கார வைத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல இருக்கும் எனக்கு. அப்புறம், "ஃப்ரிட்ஜத் தொட்டா சுள்ளுங்குது" என்று அண்ணனிடம் சொல்லி, கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புதிதாக எர்த் இறக்க வைத்தார். ஊம் பாதி அடங்கியது, மீதிக்கு அந்தச் சுவர்தான். ஃப்ரிட்ஜ் சுள்ளென்றதும் உண்மைதான். அந்தக் குழி காயக்கூடாது என்று எலெக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுப் போக, அந்தப் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். குளித்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றாமல் அவர் வீட்டுக்குள் வந்ததில்லை. மருமகளின் கிடாருக்குக் கடைசி வரை தண்ணீர் ஊற்றியவர் அவர்தான். அவருக்கு அது தெரியாது.

சாயங்காலம் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனால் மதினி சீக்கிரம் இறங்க மாட்டார். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மூன்று பக்கமும் மலை. மேற்கே குமுளிக்கு ஏறும் பாதையில் பஸ்கள் வளைந்து வளைந்து போவது தெரியும். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்புகள் இறங்கி வருவதும் தெரியும். தினமும் எத்தனையோ பேர் போய்த் திரும்புகிற வழி. அந்தப் பாதை ஏறி இறங்கினால் அவர் பிறந்த வீடு, அதையும் தாண்டிப் போனால் கோட்டயம். கையில் மடித்த துணியோடு அவர் பார்த்துக்கொண்டே நிற்பார். "போய்ட்டு வாங்களேன் மதினி" என்றால், "போறதுக்கென்ன மோளே, போனா திரும்பி வரணுமே" என்பார். அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை. "நீ பாட்டுக்கு வாசி, யாரு வேணாம்னா?" என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அப்பாவின் காதில் விழும் தூரத்தில் மட்டும் சொன்னதில்லை. ஒரு பூட்டும் இல்லை, ஒரு சாவியும் இல்லை, வீடு முழுக்க நல்லவர்கள். அந்த வீட்டில் மதினிக்கு மூச்சு முட்டியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கு மட்டும் அது தெரிந்தது, ஏனென்றால் எனக்கும் அங்கே அடிக்கடி முட்டியது.

செல்போன் வந்த பிறகு அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்தது. தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் கிடார் வைத்திருக்கும் ஆட்கள் சேர்ந்து வாட்ஸப் குழு ஒன்று வைத்திருந்தார்கள். முழுநேரக் கலைஞர் ஒருவரும் இல்லை. வங்கி ஊழியர், உரக்கடைக்காரர், மாட்டு டாக்டர், கல்லூரி விரிவுரையாளர் என்று ஆசைக்கு வாசிப்பவர்கள்தான். மதினி பெயருக்குப் பதிலாக ஒற்றை எழுத்தையும், முகத்துக்குப் பதிலாகக் கிடாரின் தலைப்பகுதியையும் போட்டு அதில் சேர்ந்தார். சில மாதங்களில் எல்லோரும் அவரை 'பாஸ்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். சாம்பார் கொதிக்கும்போது ஒரு கையில் கரண்டியும் மறுகையில் போனுமாக நின்று, பள்ளத்தாக்கிலுள்ள கிடார்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பார். போடிக்காரர் ஒருவர் மழைக்குப் பயந்து கிடாரை ஏலக்காய் உலர்த்தும் அறையில் வைத்துவிட்டு, கழுத்து வளைந்துவிட்டது என்று படம் போட்டுப் புலம்பினார். "ஏலக்காய் ரூம்ல வச்சா ஏலக்காய் மாதிரித்தான் ஆகும்" என்று எழுதிவிட்டு, எந்தத் திருகை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கல்லூரி விரிவுரையாளருக்குச் சத்தத்தை மாற்றும் பெடல்கள் வாங்குவதே பொழுதுபோக்கு. புதிது வாங்குவதும், "சவுண்டு சரியில்ல பாஸ்" என்று குழுவில் அழுவதும் வாடிக்கை. "எல்லாத்தையும் கழட்டிட்டு நேரா ஆம்ப்ல சொருகிப் பாருங்க சார். அப்பவும் நல்லா இல்லைன்னா பெடல் மேல தப்பில்ல" என்றார் மதினி. குழுவே சிரித்தது. ஒருமுறை அதே விரிவுரையாளர், 'நாலு பேரோடு வாசிக்கும்போது மிட்டை, அதாவது நடு ஒலியை, குறைக்கக் கூடாது' என்று எதையோ படித்துவிட்டு எழுதினார். மதினி ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டுவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டார்.

ஒரு வருடம் அவர்கள் தேனியில், கல்யாண மண்டபம் ஒன்றின் சின்ன ஹாலை ஒரு சாயங்காலத்துக்கு எடுத்து, எல்லோரும் நேரில் கூடி வாசிப்பது என்று முடிவு செய்தார்கள். பாஸ் வராமல் கூட்டம் இல்லை என்றார்கள். மதினி வைத்திருந்த மெட்டு ஒன்று உண்டு, கல்லூரிக் காலத்தில் அவரே போட்டது. அதைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். டிரம், அடிக்குரலில் ஒலிக்கும் பேஸ் கிடார் இரண்டோடும் சேர்த்து அதை வாசிக்கலாம் என்று பழகவும் தொடங்கிவிட்டார்கள். மதினி இரண்டு நாள் மத்தியானத்தில் அந்த மெட்டையே திரும்பத் திரும்ப வாசித்தார். அப்புறம், "ஒரே ஒரு தடவ மோளே. நின்னு, சத்தமா வாசிக்கணும். என் சவுண்டு காத்துல எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது" என்றார். அவர் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். தேனியில் கண் டெஸ்ட் என்று வீட்டில் சொல்வது, கிடாரை முந்தின நாளே என் தேனிக்காரத் தோழி ஒருத்தியின் காரில் ஏற்றிவிடுவது என்று திட்டம் போட்டோம். எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது, அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்திருக்கும் வரை. "எனக்குந்தான் கண்ணு மங்கலாத் தெரியுது. நானும் வாரேன்" என்று அவள் முதல் ஆளாகப் பஸ் ஏறிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கண்ணில் மருந்து விட்டார்கள். புரை ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லி, ஒரு கறுப்புக் கண்ணாடியையும் மாட்டி அனுப்பினார்கள். எதிரில் இருப்பது ஆளா தூணா என்று தெரியாத நிலை. தனியாக எங்கேயும் விடமுடியாது. எனவே மண்டபத்துக்கு அவளையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. "தோழி வீட்டு விசேசம், பாட்டுக் கச்சேரி நடக்குது" என்று சொல்லி, பின்வரிசையில் மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்துப் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். மதினி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். இத்தனை காலம் 'வாங்க தலைவா' என்று எழுதிக்கொண்டிருந்த விரிவுரையாளர், புடவை கட்டிய பெண்மணி வந்து போர்வையிலிருந்து அந்தக் கிடாரை எடுத்ததும், நாற்காலியிலிருந்து எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். மாட்டு டாக்டர்தான் முதலில் சுதாரித்து, "பாஸ்... வாங்க மேடம்" என்று இரண்டையும் சேர்த்து உளறினார். மதினி சிரித்தார். தன் டப்பாவை, ஹெட்போனுக்குப் பதிலாக ஹாலின் பெரிய பெட்டிகளில் சொருகினார்.

டிரம் தொடங்கியது. பேஸ் கிடார் சேர்ந்துகொண்டது. மதினியின் விரல்கள் ஓடுவதை நான் பார்க்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. வயர் கழன்றுவிட்டதோ என்று நினைத்தேன். கழலவில்லை. எதுவோ ஒன்று, தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போல, டிரம்முக்குப் பின்னால் புதைந்து கிடந்தது. என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒலியில் அடித்தொண்டை உண்டு, உச்சக்கீச்சு உண்டு, இரண்டுக்கும் நடுவில் மனிதர் பேசும் குரல் இருக்கிற இடம் உண்டு. அந்த நடுவைத்தான் மிட் என்கிறார்கள். தனியாக ஹெட்போனில் கேட்பவருக்கு அது உறுத்தும், கரகரப்பாக இருக்கும். அதைக் குறைத்துவிட்டு அடியையும் உச்சியையும் ஏற்றினால் காதுக்குள் பட்டு விரித்தது போல் இருக்கும். மதினி வருடக்கணக்காக அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்து, தன் காதுக்கு மட்டுமே இனிக்கிற ஒரு சத்தத்தைச் செய்து வைத்திருந்தார். நாலு பேர் நடுவில் வந்ததும் அடியை டிரம்மும் பேஸ் கிடாரும் தின்றுவிட்டன; உச்சியைத் தாளத்தட்டு தின்றுவிட்டது. மிச்சம் ஒன்றுமில்லை. இத்தனை வருடத்தில் யாரோடாவது சேர்ந்து ஒரே ஒருநாள் வாசித்திருந்தால் முதல் நிமிடத்திலேயே பிடிபட்டிருக்கக்கூடிய தவறு. சுவரைப் பார்த்து வாசித்தவருக்கு அது தெரிய வழியே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். வாசித்துக்கொண்டே தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தன்னைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அப்பா மேல் வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை.

பாட்டு பாதிக்கு மேல் போய்விட்டது. விரிவுரையாளர் பொறுக்க முடியாமல் முன்னால் ஓடி, கையை மேலே மேலே தூக்கி, "பாஸ், மிட்டு! மிட்ட ஏத்துங்க!" என்று கத்தினார். மதினி ஒரு நொடி அவரைப் பார்த்தார். குனிந்தார். டப்பாவில் ஒரு குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு நிமிர்ந்தார். அப்போது வந்தது சத்தம். இனிப்பான சத்தமில்லை. தொண்டை கட்டியவர் வெகுநாள் கழித்துப் பேசுவது போல முரட்டுத்தனமாக, ஹாலின் கடைசி நாற்காலி வரை வந்து என் நெஞ்சில் இடித்தது. அம்மா கறுப்புக் கண்ணாடியோடு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். மெட்டின் கடைசிப் பகுதி மட்டுமே மிஞ்சியிருந்தது. அது முடிந்ததும் எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன், என் தட்டு தனியாகத்தான் கேட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில், சின்னமனூர் தாண்டும் வரை அம்மா சீட்டில் சாய்ந்தே கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தோம். "கடைசியா ஒரு பாட்டு வாசிச்சாகளே" என்றாள் திடீரென்று. "அது மத்தியானத்துல செவுத்துக்குள்ள கேக்குற பாட்டுத்தான?" மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் அம்மாவின் கட்டில் அந்தச் சுவருக்கு மறுபுறம்தான் கிடக்கிறது. ஆம்ப் இல்லாமல், குரல் இல்லாமல், சீப்புப் பல் போலக் கேட்கிற அந்தக் கம்பி ஒலியைக் கேட்டபடியேதான் அவள் தினமும் கண்ணயர்ந்திருக்கிறாள். யாருக்கும் கேட்காது என்று நாங்கள் எவ்வளவு சாமர்த்தியம் பண்ணினோம்! "மொதல்ல ஒண்ணுமே கேக்கல. செவுத்துக்குள்ள கேட்டதுகூட அங்கன கேக்கல. பொறவுதான் வந்துச்சு" என்றாள் அம்மா. மதினியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், "உங்க மாமாவுக்குத் தெரிய வேணாம்." சொல்லும்போது அவ்வளவு ஆதரவாகத்தான் சொன்னாள். இருந்தாலும் எனக்கு என்னவோ, திறந்த கதவு ஒன்றை மெதுவாகச் சாத்தியது போலத்தான் இருந்தது.

மறுநாளே அம்மா கட்டிலை இன்னும் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். சில நாள் மதினி அடுப்படியிலேயே நின்றுவிட்டால், "என்னத்தா, இன்னைக்கு மிஷின் ஓடலையா?" என்பாள். "எந்த மிஷினு?" என்று அப்பா கேட்டால், "மாவு மிஷினு" என்று சொல்லிவிட்டு மதினியைப் பார்ப்பாள். மதினிக்குச் சிரிப்பை அடக்க முடியாது. தேனிக் குழுவினர் அதன்பிறகும் கூப்பிடாமல் இல்லை. ஒருமுறை திராட்சை வெட்டு, ஒருமுறை அண்ணன் பிள்ளைகளின் பரீட்சை, ஒருமுறை அம்மாவின் கண் ஆபரேஷன், பிறகு அப்பாவின் நோய். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிக்கொண்டே போனது. இதற்கிடையில் எனக்குக் கல்யாணமாகி நான் போடிக்குப் போய்விட்டேன்.

அப்பா போய் வருஷத் திவசமும் முடிந்த பிறகு ஒருநாள், "இனி யாரு மதினி தடுக்கா? கட்டிலுக்கடியில கெடக்குற ஆம்ப எடுங்க" என்று நான் எரிந்து விழுந்தேன். மதினி கையை விரித்தார். "மாமா இருந்தாகன்னா கேட்டுப் பாக்கலாம் மோளே. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள், 'சரி, வாசித்தா'ன்னு சொல்லியிருப்பாக. இப்ப யாருட்ட போய்க் கேக்க?" என்றார். எங்கள் வீட்டில் அப்பா உட்கார்ந்த நாற்காலியில் இன்றுவரை யாரும் உட்காருவதில்லை. அவர் வேண்டாம் என்ற வியாபாரிக்கு அண்ணன் இன்னும் காய் கொடுப்பதில்லை. எதற்காக வேண்டாம் என்றார் என்பது அண்ணனுக்கே தெரியாது. உயிரோடு இருப்பவரின் சொல்லை அவரே மாற்றலாம். போய்விட்டவரின் சொல் கல்லில் எழுதியது போல நின்றுவிடுகிறது. அதன் மேல் கை வைக்க அண்ணனுக்கும் துணிவில்லை, அம்மாவுக்கும் வாய் வரவில்லை.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். குமுளிக் கணவாய் வழியாகச் சாரல் காற்று சுழற்றிச் சுழற்றி அடிக்கிற காலம். அந்த ஈரத்துக்குக் கிடாரின் கழுத்து வளையும், கம்பிகளின் உயரம் மாறிவிடும். மதினி அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். சும்மா ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்தேன். கரகரவென்று காதை அறுத்தது. "என்ன மதினி, இப்படி இருக்கு? இதையா தினமும் கேக்குறீக?" என்றேன். "அன்னைக்கு ஏத்தின மிட்ட இன்னும் குறைக்கல மோளே" என்றார். "இது காதுக்கு வச்சதில்ல. ஹாலுக்கு வச்சது." மறுபடி போகவே போகாத ஒரு ஹாலுக்காக, இத்தனை வருடம் தன் காது நோக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை. எழுந்து அம்மாவிடம் போனேன். அம்மாவுக்கு இப்போது காதும் மந்தம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். என்னைக் கண்டதும் அவள், வீடே கேட்கிற மாதிரி, "ஏத்தா, உங்க மதினி மிஷின் ஓட்டுறத விட்டுட்டாளா? செவுத்துல இப்ப ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதே" என்றாள். அடுத்த அறையில் கம்பி ஒலி நின்றது.

கட்டிலுக்கடியிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. தூசி தட்டும் சத்தம். மதினி கிடாரைத் தோளில் மாட்டி, அந்தப் பழைய ஆம்பைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் அறைக்கு வந்தார், அதைக் கட்டில் பக்கத்தில் வைத்தார். ஹெட்போனைக் கழற்றி, டப்பாவை அதில் சொருகினார். ஆகக் குறைந்த ஒலியில் வைத்து, மெட்டின் முதல் வரியை வாசித்தார். அம்மா கையைக் காதோரம் குவித்து, "கேக்கலத்தா" என்றாள். மதினி கொஞ்சம் கூட்டினார். "கேக்கல." இன்னும் கூட்டினார். "ம்ஹும்." அன்று காலையில் தெருமுனையில் கீரைக்காரி கூவியதை அம்மாதான் முதலில் கேட்டு என்னை வாசலுக்கு விரட்டினாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் சொல்லைத் தவறென்று சொல்ல அவளால் ஆகாது. கேட்கவில்லை என்று சொல்ல ஆகும். மதினி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா முகத்தில் ஒன்றுமே இல்லை. மதினி குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினார். பாத்திர அலமாரி கிணுகிணுத்தது. ஹாலுக்கென்று வைத்திருந்த சத்தம் சுவர்களில் மோதி, முன்னறையைக் கடந்து, தெருவுக்குப் போனது.

முன்னறையில் வியாபாரிகளோடு பேசிக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்து, அன்றைக்கு அப்பா வந்து நின்றது போலவே, அம்மாவின் அறை வாசலில் நின்றார். மதினியின் விரல்கள் கம்பிமேல் அப்படியே நின்றுவிட்டன. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஏலே, நீ என்னலே வாசல அடைச்சுக்கிட்டு நிக்கிற? ஏற்கெனவே எனக்குக் கேக்கல" என்று அதட்டினாள். அண்ணன் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஓரமாக விலகி, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். மதினி மறுபடி தொடங்கினார்.

அவ்வளவு சத்தத்தில் தடித்த கம்பி ஒன்று கரகரத்தது. ஹெட்போனில் மெல்ல வாசிக்கும்போது அந்த இடிப்பு வந்திருக்காது. "ஒரு கம்பி இடிக்குது அத்தே" என்று மதினி நிறுத்தினார். கை கழுத்துக்குப் போனது. ஊக்குகளை ஒதுக்கி, அந்த முனை மடங்கிய கம்பியை, அம்மாவுக்கு எதிரிலேயே அவிழ்த்து எடுத்தார். இத்தனை வருடத்தில் இது முதல் தடவை. அம்மா ஆபரேஷன் செய்த கண்ணால் அதைக் குனிந்து பார்த்தாள்.

"தையல் மிஷின் சாவியா?"

"ஆமா அத்தே."

"நல்லா முறுக்கு. தெருக்கோடி வரைக்கும் தைக்கணும்ல" என்றாள் அம்மா.

மதினி குனிந்து கால் சுற்று முறுக்கினார்.